பத்து பேர் சொன்னால் பத்து சாட்சியா?

"நெருப்பில்லாமல் புகையுமா?" வாட்ஸ்அப் வதந்தியைச் சந்தேகிப்பவரின் வாயை அடைக்க இந்த ஒரு கேள்வி போதும். சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்தது, பள்ளித் தோழர்கள் குரூப்பிலும் வந்தது, இத்தனை பேருமா பொய் சொல்வார்கள் என்பார்கள். இந்த நம்பிக்கை ஆட்களைக் கொன்றிருக்கிறது.

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம், போளூரை அடுத்த அத்திமூர். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தது ஒரு குடும்பம். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைக் கண்டு, பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் முடிவுகட்டியது. 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அந்தக் காரில் கடத்தப்பட்ட குழந்தை எதுவும் இல்லை. பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் இறங்கிவிட்டதாகக் கைபேசிகளில் சுற்றிய செய்திகள்தான் அந்தக் கூட்டத்தை ஏவின.

அந்நாட்களில் இந்தியாவில் பரவிய காணொளி ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை அட்டையைக் காட்டுவதோடு அது முடியும். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். பார்த்தவர்களோ நம் ஊர்ச் சம்பவம் என்றே நம்பினார்கள்.

தீயைக் கண்ணால் கண்ட பத்து பேர் தனித்தனியே வந்து சொன்னால் அவர்கள் பத்து சாட்சிகள். ஒருவர் அனுப்பியதைப் பத்து பேர் ஃபார்வர்டு செய்தால் அது ஒரே பேச்சின் பத்து நகல். ஒரே ஆள் நாலு குரூப்பில் இருப்பதால், அவர் காலையில் அனுப்பியது ஊரைச் சுற்றிவிட்டு மாலையில் வேறு பெயரில் அவருக்கே திரும்பி வருகிறது. அதை உறுதிப்பாடு என்று எண்ணிக்கொள்கிறார்.

பரவும் வேகமும் உண்மைக்குச் சான்றல்ல. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அலசினார்கள். 2018இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. 1,500 பேரை எட்டப் பொய்யைவிட உண்மைக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்தது. பொய்யை முந்தவைத்தவை தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் அந்த ஆய்வு சொன்னது. புதுமையும் வியப்பும்தான் கையை ஃபார்வர்டு பொத்தானுக்கு இழுக்கின்றன.

வாட்ஸ்அப் செய்தியின் தலைமாட்டில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அனுப்பியவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நீங்க நேர்ல பாத்தீங்களா?" பார்க்கவில்லை என்றால், அந்தச் செய்தி உங்கள் கைபேசியைத் தாண்டிப் போக வேண்டாம்.