ஐம்பத்தைந்தாவது நகர்த்தல்

சிங்கப்பூரில் 2024-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி ஒரு சதுரங்க ஆட்டம் நடந்தது. அதைப்பற்றிக் கொஞ்சம் சிந்திப்போம். சதுரங்கம் தெரியாதவர்களும் படிக்கலாம்.

எதிர் எதிரே இரண்டு பேர். ஒருவர் சீனாவைச் சேர்ந்த டிங் லிரென். அப்போதைய உலக சாம்பியன். வயது 32. இன்னொருவர் சென்னை வாலிபர் குகேஷ். வயது 18.

உலகப் பட்டத்துக்கு மொத்தம் 14 ஆட்டங்கள். 13 முடிந்துவிட்டன. ஆளுக்கு ஆறரைப் புள்ளி. சரி சமம்! மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆட்டம்.

அதுவும் வெற்றி தோல்வி இல்லாமல் "டிரா" ஆனால் என்ன ஆகும்? மறுநாள் விரைவு ஆட்டம் ஆடிப் பட்டத்தை முடிவு செய்வார்கள். விரைவு ஆட்டத்தில் டிங்கின் கைதான் ஓங்கும் என்று பலர் நினைத்தார்கள். அதனால் டிங் "டிரா"வை நோக்கியே காய்களை நகர்த்தினார். காய்களை வெட்டிக் கொடுத்து, பலகையைக் காலி செய்துகொண்டே வந்தார். அதற்காக ஒரு சிப்பாயையும் விட்டுக்கொடுத்தார்.

கடைசியில் என்ன மிஞ்சியது? ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி. சிப்பாய் மட்டும் குகேஷிடம் இரண்டு, டிங்கிடம் ஒன்று.

"இது டிராதான்" என்றார்கள் பார்த்தவர்கள். அவர்கள் சொன்னது தப்பு இல்லை. டிங் சரியாக ஆடினால் அது டிராதான்.

என்ன நடந்தது?

குகேஷ் எழுந்துவிடவில்லை. ஆடிக்கொண்டே இருந்தார். யானையை இங்கே வைத்தார். ராஜாவை அங்கே நகர்த்தினார். பெரிய தாக்குதல் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நகர்த்தலும் ஒரு கேள்வி. "இதற்கு என்ன பதில்? இதற்கு என்ன பதில்?" டிங் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

55-வது நகர்த்தல் வந்தது. டிங் தன் யானையை குகேஷின் யானைக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார். "யானைக்கு யானை வெட்டிக்கொள்வோம், ஆட்டம் முடியட்டும்" என்பது அதன் பொருள்.

அங்கேதான் வந்தது ஆபத்து! டிங்கின் மந்திரி பலகையின் மூலையில் மாட்டிக்கொண்டு நின்றது. மந்திரி குறுக்காக மட்டுமே போகும். மூலையில் நிற்கும் மந்திரிக்கு வெளியே வர ஒரே வழிதான் உண்டு.

குகேஷ் யானையை வெட்டினார். டிங்கின் ராஜா பதிலுக்கு வெட்டியது. உடனே குகேஷ் தன் மந்திரியை அந்த ஒரே வழியில் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார். டிங்கின் மந்திரி இனி எங்கே ஓடும்? வெட்டியே ஆகவேண்டும். வெட்டினால் குகேஷின் ராஜா அதை வெட்டிவிடும்.

அப்படியே நடந்தது. இரண்டு மந்திரிகளும் போயின. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும். ஒரு சிப்பாய்க்கு எதிராக இரண்டு சிப்பாய்கள். கடைசிக் கட்டத்தை அடையும் சிப்பாய் ராணி ஆகிவிடும் அல்லவா? இனி அதைத் தடுக்க வழி இல்லை. 58-வது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

யானையும் மந்திரியும் இருந்தவரையில் ஒரு சிப்பாய் குறைவு பெரிய குறையாகத் தெரியவில்லை. அவை போனதும் அந்த ஒரு சிப்பாயே உலகப் பட்டத்தைத் தீர்மானித்தது!

அதிர்ஷ்டமா?

"குகேஷ் ஜெயிக்கவில்லை, டிங்தான் தோற்றார்" என்று சிலர் பேசினார்கள். இது சரியா?

சரி இல்லை என்பதே நம் கருத்து.

தவறு செய்தவர் டிங். உண்மை. ஆனால் அந்தத் தவறு நடக்கும்வரை பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் யார்? "போதும், டிராவே நல்லது" என்று குகேஷ் கை குலுக்கியிருந்தால் 55-வது நகர்த்தலே வந்திருக்காது. தவறு வந்தபோது அதைக் கண்டுபிடிக்கக் கண்ணும் வேண்டும். சோம்பேறியின் வீட்டுக் கதவை அதிர்ஷ்டம் தட்டினாலும், எழுந்து திறக்க ஆள் இருக்காது!

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். இதே போட்டியில் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றவர். 11-வது ஆட்டத்தில் ஜெயித்து முந்தினார். அடுத்த ஆட்டத்திலேயே தோற்று, முந்தியதை இழந்தார். மனம் உடைந்துபோக எத்தனை காரணங்கள்! அவர் உடைந்துபோகவில்லை.

வெற்றி உறுதியானதும் அவர் அழுதார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? பலகையில் இருந்த காய்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் இருந்த இடத்தில் அடுக்கி வைத்தார். பட்டம் வந்த நிமிடத்திலும் பலகைக்கு மரியாதை!

டிங்கையும் மறக்கக்கூடாது. அவர் யார்மீதும் பழி போடவில்லை. இந்த முடிவு நியாயமானதே என்று பலர் முன்னிலையில் சொன்னார். குகேஷும் டிங்கை உண்மையான சாம்பியன் என்று புகழ்ந்தார். ஜெயித்தவர் தோற்றவரை மதித்தார். தோற்றவர் தோல்வியை மதித்தார்.

வீட்டில் சதுரங்கப் பலகை இருந்தால் இந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைக் குழந்தைகளுக்கு வைத்துக் காட்டுங்கள். பலகை இல்லாவிட்டால் கதையாகச் சொல்லுங்கள். பரீட்சைத் தாளைப் பாதியில் கொடுத்துவிட்டு எழுந்து வரும் பிள்ளைக்கு அது புரியும். "இனி ஒன்றும் ஆகாது" என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கும் புரியும்.

ஆட்டம் முடியும்வரை ஆட்டம் முடியவில்லை. முடிந்தபின் மனக்கசப்பு வேண்டாம். இந்த இரண்டையும் கற்றுக்கொண்டால் போதும். சதுரங்கம் தெரியாதவர்களும் ஜெயிக்கலாம்!