இந்த மீனை யாருக்குக் கொடுக்கணும்?

கோச்சடையிலிருந்து மண்டபம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். விடியக் காலை வேன் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் கடலில் இருக்கலாம். ஒரு படகு, ஆளுக்கொரு தூண்டில் நரம்பு, ஈயக்குண்டு, இரைக்கு இறால். ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். எங்கள் மாலை நேரப் படிப்பகப் பிள்ளைகள் ஆறு மாதம் காசு சேர்த்து இந்தப் பயணத்தைக் கேட்டார்கள். எங்களிலேயே சிலர் முகம் சுளித்தோம். "படிக்க வேண்டியது, போராட வேண்டியது எவ்வளவோ இருக்கு, மீன்பிடி விளையாட்டா?"

அந்தக் கேள்வி தப்பு தோழர்களே. அந்தச் சாலையில் நம் மக்கள் பெருங்கூட்டமாகப் போவது செப்டம்பர் 11-இல், பரமக்குடியில் இமானுவேல் சேகரனாருக்கு அஞ்சலி செலுத்த. 2011-இல் அதே நாளில் அங்கே போலீஸ் சுட்டதில் நம் ஆட்களைப் பறிகொடுத்தோம். துக்கத்துக்கு மட்டும்தான் நமக்கு அந்தச் சாலையா? சிரிக்கப் போகவும் அதே சாலைதான். போனோம்.

படகில் முதல் மீன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குச் சிக்கியது. உள்ளங்கை அகலப் பாறைக்குட்டி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அண்ணே, இதை யாருக்குக் கொடுக்கணும்?"

படகுக்காரர் சிரித்தார். "நீ பிடிச்சது, உனக்குத்தாம்ப்பா." எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் தாத்தா ஊர் மேலூர்ப் பக்கம். கண்மாய் வற்றும்போது அங்கே வலை இழுப்பது நம் தெரு ஆட்கள். விராலும் கட்லாவும் குத்தகைக்காரருக்கு. இழுத்தவர்களுக்குப் பொடிமீன். மீன் பிடித்தால் யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, கண்மாய்க் கரையில் படித்திருக்கிறான்.

கோடை வந்தால் மீன்பிடித் திருவிழாச் செய்திகள் வரும். 'சாதி மத பேதமின்றி' என்று தவறாமல் எழுதுவார்கள். ஊத்தாவோடும் கச்சாவோடும் எல்லோரும் இறங்குகிற ஊர்கள் உண்டுதான். ஆனால் அது ஒரு காலைப்பொழுது. மீதி வருசம் அந்தக் கண்மாய் யார் கையில்? தொடங்கச் சொல்லி வெள்ளைத் துண்டு வீசும் கை எந்தத் தெருக் கை?

மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தலைவர் நாற்காலி மட்டுமா அவர்களுக்குப் பிரச்சினை? பொதுச் சொத்தின் மீதான பிடியும் கைமாறுகிறதே, அதுவும்தான் என்பது எங்கள் கருத்து. 1927-இல் மகாத் குளத்தில் அண்ணல் அள்ளிக் குடித்தது ஒரு கை தண்ணீர். அந்தத் தண்ணீரில் நீந்தும் மீனும் அதே உரிமைக்குள்தான் வரும்.

நகரத்திலும் கதை வேறில்லை. தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி அலுவலகம், உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை. மதுரைப் பிள்ளை தூண்டில் போட மண்டபம் போக வேண்டியிருக்கிறது.

கடலும் சும்மா கிடக்கிற இடம் இல்லை. அது மீனவர்களின் வேலைத்தலம். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் போனபின், அங்கே பாசி எடுத்துப் பிழைத்த பெண்களைத் தடுத்தார்கள். அவர்கள் பாட்டைத் தெரிந்துகொண்டு போங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். ஆள் ஏற்ற அனுமதி உள்ள படகா என்று கேளுங்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். 2017 பிப்ரவரியில் மணப்பாட்டில் படகு கவிழ்ந்து, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் செத்துப்போனார்கள்.

திரும்பி வந்ததும் அடுத்த வேலை இருக்கிறது. உங்கள் ஊர்க் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தினுடையதா, நீர்வளத் துறையினுடையதா என்று பாருங்கள். மீன் குத்தகை யாருக்குப் போனது, எவ்வளவுக்கு, அந்தப் பணம் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதிலை ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்று வாசியுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவாகப் போங்கள்.

அந்தப் பையன் தன் மீனை ஐஸ் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனான். அம்மா குழம்பு வைத்தார். கண்மாய் மீனும் அப்படி வீடு வந்து சேர வேண்டும்.

ஜெய் பீம்.