யாருக்குத் துணை?

எமது விமர்சகர்கள் ‘திரையில் முஸ்லிம்’ என்று எழுதப் புகுந்தால் இரண்டே பட்டியல்கள்தான். ஒன்றில் துப்பாக்கி ஏந்திய தாடிக்காரர்கள்; மற்றையதில் பிறப்பால் முஸ்லிம்களான பம்பாய்க் கதாநாயகர்கள். முதலாவதைக் கண்டு கொதிப்பார்கள், இரண்டாவதைக் கண்டு பூரிப்பார்கள். இரண்டிலும் அகப்படாதவர் சுரேகா சிக்ரி. அவர் முஸ்லிம் அல்லர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்து, டில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். ஆனால் இந்திய மாற்றுச் சினிமாவில் எங்கள் உம்மம்மாவை அவரளவுக்கு உயிரோடு கொண்டுவந்தவர் வேறெவருமில்லை என்பேன்.

கோவிந்த் நிஹலானியின் ‘தமஸ்’ (1988) படத்தில், கலவரத்துக்குத் தப்பியோடும் சீக்கியத் தம்பதியருக்குக் கதவைத் திறக்கும் ராஜோ அவர். ஷியாம் பெனகலின் ‘மம்மோ’வில் (1994) பேரனோடு பம்பாயில் வாழும் ஃபய்யாஸி. லாஹூரிலிருந்து வந்த விதவைச் சகோதரிக்கு இடங்கொடுத்துவிட்டு அவளோடு சிடுசிடுக்கவும் செய்கிறாள். அந்தச் சகோதரியைத்தான் விசாவைக் காட்டிப் பொலிஸ் நாடுகடத்துகிறது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு அக்காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. பெனகலின் ‘ஸுபைதா’வில் (2001) அதே ஃபய்யாஸியை, ‘மம்மோ’வின் கதைக்கு முந்திய காலத்தில், கணவனின் பிடிவாதத்திலிருந்து மகளைக் காக்கமுடியாத தாயாக மீண்டும் நடித்தார். ஒரு பெண்ணின் ஆயுளை இரு படங்களில் பின்னோக்கி நடந்து காட்டியவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘துணை நடிகை’. (கூட்டத்தில் நிற்பவர்களுக்கும் தமிழில் அதே பெயர்தான்!) ‘தமஸ்’, ‘மம்மோ’, பின்னர் ‘பதாயி ஹோ’ (2018) என மூன்று தேசிய விருதுகள், மூன்றும் துணைக்கே.

யாருக்குத் துணை? ராஜோவின் கதவு திறக்காவிட்டால் அந்த ஊரில் மனிதர் இருந்ததற்கே சாட்சி இல்லையே!

எமது சிறுகதைகளில் மட்டும் என்ன வாழ்கிறது? உம்மா தேத்தண்ணி ஊற்றுகிறார், தஸ்பீஹ் உருட்டுகிறார், கடைசிப் பந்தியில் மௌத்தாகிறார். அவருக்குக் கோபமுண்டா, கடனுண்டா, தங்கையோடு பழைய பகையுண்டா? கதாசிரியர் கேட்பதில்லை. ‘மம்மோ’வையும் ‘ஸுபைதா’வையும் எழுதிய காலித் முஹம்மத் தன் குடும்பத்துப் பெண்களைக் கேட்டார், பார்த்தார்; ஃபய்யாஸி பிறந்தாள்.

2020இல் கொவிட் காலத்தில், 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் படப்பிடிப்புத்தளம் தடைசெய்யப்பட்டபோது, தனக்கு வேண்டியது தர்மமல்ல, வேலை என்றார் சிக்ரி. அப்போது வயது 75. அடுத்த ஆண்டு ஜூலையில் காலமானார். எமது ஏடுகளில் ஓர் அஞ்சலிக் குறிப்பையும் நான் காணவில்லை.