கம்ப்யூட்டரின் முதல் வேலை கடன் கணக்காக இருக்கட்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டால், பிள்ளைகளின் படிப்புக்காக என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அடுத்து இன்டர்நெட், சினிமா, பாட்டு, கேம்ஸ். வீட்டுக் கணக்குப் பார்க்க என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் முதல் மாதம் பால், காய்கறி, பஸ் டிக்கெட் என்று ஒன்று விடாமல் டைப் செய்வார்கள். இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒரு நாள். மூன்றாம் மாதம் அந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

செலவுக் கணக்கில் ஆரம்பிப்பதுதான் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. கடன் இருக்கிற வீட்டில் முதலில் எழுத வேண்டியது கடன் கணக்கு. தினமும் எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தால் முடிந்துவிடும். அதன் பிறகு மாதம் ஒரு முறை பத்து நிமிடம் போதும். காய்கறிக் கணக்கு மாதம் நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்துத் தரலாம். கடன் கணக்கு ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடித்துத் தரும்.

நோட்டுப் புத்தகம் போதாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. நம் வீட்டுப் பெரியவர்கள் நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதியே குடும்பம் நடத்தினார்கள். நடந்து முடிந்த செலவைக் கூட்டிப் பார்க்க நோட்டு போதும். ஆனால் 'மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டினால் கடன் எப்போது முடியும்?' என்று நோட்டிடம் கேட்க முடியாது. கேட்டால் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

ஸ்பிரெட்ஷீட் பிறந்ததே இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான். ஹார்வர்டில் பிசினஸ் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், கரும்பலகைக் கணக்கில் ஓர் எண் மாறினால் மற்ற எண்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கவனித்தார். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க், 1979-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வெளிவந்தது. இதற்காகவே கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உண்டு. இன்று நாம் பயன்படுத்தும் எக்ஸெல் அதன் வழியில் வந்ததுதான். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கிக்கொண்டு அதிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இங்கே சொல்லும் எல்லாமே இரண்டிலும் வேலை செய்யும்.

வட்டிக்கு எத்தனை பாஷை!

கடனில் இருக்கும் குடும்பங்கள் தவறான கடனை முதலில் அடைப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், ஒவ்வொரு கடனும் ஒவ்வொரு பாஷையில் பேசுவதுதான். பேங்க் 'ஆண்டுக்கு 9 சதவீதம்' என்கிறது. தெரிந்தவரிடம் வாங்கியது 'இரண்டு வட்டி'. கிரெடிட் கார்டு 'மாதம் மூன்றரை'. தண்டல்காரர் 'நூறு நாள், தினம் நூறு ரூபாய்' என்கிறார். கடைக்காரர் 'வட்டியே இல்லை சார், தவணைதான்' என்கிறார். ஒன்பதுதான் இதில் பெரிய எண். எனவே பேங்க் கடன்தான் பெரிய பாரம் என்று மனது சொல்கிறது.

எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக மாற்றினால் படம் தலைகீழாகிவிடும். இரண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். மாதம் மூன்றரை என்றால் ஆண்டுக்கு 42. இவற்றை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். தவணைக்கும் தண்டலுக்கும்தான் கம்ப்யூட்டர் தேவை.

நீங்கள் வாங்கிய கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்வோம். ரொக்கம் கொடுத்தால் 36,000 ரூபாய், தவணை என்றால் மாதம் 3,333 வீதம் 12 மாதம், வட்டி கிடையாது என்று கடையில் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலி செல்லில் =ரேட்(12,-3333,36000)*12 என்று டைப் செய்யுங்கள். ரேட் என்பதை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். முதலில் இருப்பது தவணைகளின் எண்ணிக்கை, அடுத்தது நீங்கள் கட்டும் தவணை, மூன்றாவது நீங்கள் பெற்ற கடன். பணம் கையைவிட்டுப் போவதால் தவணைக்கு முன் மைனஸ் குறி அவசியம். என்டர் தட்டினால் கிடைக்கும் விடை சுமார் 20 சதவீதம். வட்டியில்லாத் தவணையின் வட்டி இது!

பைக் கடனுக்கும் இதே கதைதான். 50,000 ரூபாய்க்கு 'பத்து சதவீத ஃபிளாட் வட்டி' என்று இரண்டு ஆண்டுக்கு 10,000 வட்டி சேர்த்து, மாதம் 2,500 வீதம் 24 தவணை போடுவார்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்போதும் வட்டியை முழுத் தொகைக்கே வாங்குகிறார்கள். ரேட் ஃபங்ஷனில் போட்டுப் பாருங்கள். உண்மையான வட்டி சுமார் 18 சதவீதம்.

தண்டலில் 10,000 ரூபாய்க்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பதினைந்து சதவீதம்தானே என்று தோன்றும். =ரேட்(100,-100,8500)*365 என்று கொடுங்கள். ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டும். காலையில் சரக்கு எடுத்து மாலையில் விற்கும் வியாபாரி வேறு வழியில்லாமல் வாங்கலாம். மாதச் சம்பளக்காரர் டிவி வாங்க இதைத் தொடவே கூடாது.

ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குப் புதிதாகக் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீதத்தை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஒரு விவர அறிக்கையில் எழுதித் தர வேண்டும். கடன் வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். தண்டல்காரரும் தெரிந்தவரும் அப்படி எழுதித் தரப்போவதில்லை. அவர்களுக்கான அறிக்கையை உங்கள் கம்ப்யூட்டர்தான் தயாரிக்க வேண்டும்.

நான்கு வரிகள் சொல்லும் உண்மை

இப்போது ஷீட்டைப் போடுவோம். ஐந்து காலம்கள் போதும்: யாருக்கு, பாக்கி எவ்வளவு, ஆண்டு வட்டி, மாத வட்டி, மாதம் கட்டுவது. உதாரணத்துக்கு, மாத வருமானம் 35,000 ரூபாய் உள்ள ஒரு குடும்பம். பேங்கில் நகைக் கடன் 1,50,000, வட்டி 9 சதவீதம். தெரிந்தவரிடம் 1,00,000, வட்டி 24 சதவீதம். கம்ப்யூட்டர் தவணை 36,000, வட்டி 20 சதவீதம். கிரெடிட் கார்டு பாக்கி 40,000, வட்டி 42 சதவீதம்.

கம்ப்யூட்டர் தவணையை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கு மாத வட்டி எவ்வளவு? நகைக்கு 1,125, தெரிந்தவருக்கு 2,000, கார்டுக்கு 1,400. மொத்தம் 4,525 ரூபாய். இதில் அசல் ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை.

இந்த வீட்டில் தீபாவளி போனஸ் 10,000 வந்தால் என்ன நடக்கும்? அடுத்த மாதம் கல்யாணம் வருகிறது, வெறுங்கழுத்தோடு எப்படிப் போவது என்று நகைக் கடனில்தான் கட்டுவார்கள். அந்த 10,000 ரூபாய் நகைக் கடனில் ஆண்டுக்கு 900 ரூபாய் வட்டியைக் குறைக்கும். கார்டில் கட்டினால் 4,200 ரூபாயைக் குறைக்கும். கழுத்தில் நகை இல்லாதது ஊருக்குத் தெரிகிறது, கார்டு பாக்கி யாருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் மலிவான கடனை அடைத்துவிட்டு விலையுயர்ந்த கடனை வளர்க்கிறோம். நகை ஏலத்துக்குப் போகாமல் தவணை தேதியில் வட்டியைக் கட்டிவாருங்கள். கூடுதல் பணமெல்லாம் கார்டுக்கே போகட்டும்.

அடுத்து என்பிஈஆர் என்ற ஃபங்ஷன். கடன் எத்தனை மாதத்தில் முடியும் என்பதை இது சொல்லும். இதையும் ஆங்கில எழுத்துகளில் =என்பிஈஆர்(3.5%,-2000,40000) என்று கொடுங்கள். மாதம் 2,000 வீதம் கட்டினால் கார்டு பாக்கி முடிய 35 மாதம். கட்டும் மொத்தப் பணம் 70,000. இப்போது 2000 என்பதை 5000 ஆக மாற்றுங்கள். பத்தாவது மாதம் முடிந்துவிடும். மொத்தம் 48,000-க்குள். ஓர் எண்ணை மாற்றியதில் 22,000 ரூபாய் தெரிகிறது. வட்டி மீது போடும் வரியை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். இந்தப் பத்து மாதமும் அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. பத்தாவது மாதத்துக்குப் பிறகு அதே 5,000 ரூபாய் இரண்டு வட்டிக் கடனின் அசலுக்குத் திரும்பட்டும்.

சிறிய கடனை முதலில் அடைத்தால் மனதுக்கு உற்சாகம் என்று சிலர் சொல்வார்கள். உற்சாகம் வேண்டியதுதான். ஆனால் வட்டி கூடிய கடனை முதலில் அடைப்பதே லாபம். கடனை முன்கூட்டி அடைத்தால் சில நிறுவனங்கள் கட்டணம் வாங்கும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாதம் 3,000 எங்கிருந்து வரும்?

இங்கேதான் பட்ஜெட் வருகிறது. தினசரிக் கணக்கு வேண்டாம். வாடகை, மளிகை, போக்குவரத்து, கரண்ட் மற்றும் போன், இதர செலவு என்று ஐந்தாறு வரிகள் போதும். இதைவிட முக்கியமானது இரண்டாவது ஷீட். ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலவுகளை அதில் எழுதுங்கள்.

நம் வீடுகளில் புதுக் கடன் பிறக்கும் மாதங்கள் ஜூனும் ஐப்பசியும். ஸ்கூல் ஃபீஸ் 24,000, தீபாவளி 12,000, இன்சூரன்ஸ் 6,000, மொய் 6,000 என்றால் மொத்தம் 48,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,000. இந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைக்காதவர்களுக்கு ஒவ்வொரு ஜூனும் திடீர்ச் செலவுதான். ஜூன் மாதம் ஆண்டுதோறும் வருகிறது, அதில் திடீர் எதுவும் இல்லை! மொய்யையும் மறக்காதீர்கள். நம் வீட்டு விசேஷத்தில் வாங்கிய மொய் திருப்பித் தர வேண்டிய பாக்கி. மொய் நோட்டில் இருப்பதை இந்த ஷீட்டிலும் ஏற்றுங்கள்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். பீரோவில் நகையைச் சும்மா வைத்துக்கொண்டு வெளியே இரண்டு வட்டி கட்டும் குடும்பங்கள் நிறைய. 1,00,000 ரூபாய்க்கு மாதம் 2,000 கட்டும் இடத்தில், பேங்க் நகைக் கடனாக மாற்றினால் 9 சதவீதக் கணக்கில் 750. மிச்சமாகும் 1,250 ரூபாயை அசலில் கட்டும் உறுதி இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். உறுதி இல்லையென்றால் கடனும் நிற்கும், நகையும் போகும்.

இருவரும் உட்காருங்கள்

இந்த வேலையில் கஷ்டமான பகுதி ஃபார்முலா இல்லை. முதல் காலத்தில் எல்லாக் கடனையும் மறைக்காமல் எழுதுவதுதான். ஆபீஸ் சொசைட்டியில் கணவர் வாங்கியது மனைவிக்குத் தெரியாது. மகளிர் குழுவில் மனைவி வாங்கியது கணவருக்குத் தெரியாது. பாதிக் கடனை மறைத்துவிட்டுப் போடும் கணக்குக்கு எந்த சாஃப்ட்வேராலும் சரியான விடை தர முடியாது. எனவே இருவரும் ஒரே நேரத்தில் மானிட்டர் முன் உட்காருங்கள். யார் வாங்கியது, ஏன் வாங்கியது என்ற விசாரணை அன்றைக்கு வேண்டாம். ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போடுங்கள், அது இருவருக்கும் தெரியட்டும். பென் டிரைவில் ஒரு காப்பியும் இருக்கட்டும்.

கம்ப்யூட்டர் வருமானத்தைக் கூட்டித் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரிசிக்கும் வாடகைக்குமே சம்பளம் போதாத வீட்டில் ஷீட் அதைத் தெளிவாகக் காட்டும், தீர்த்து வைக்காது. அப்போதும் ஒரு பயன் உண்டு. வட்டியைக் குறைக்கச் சொல்லியோ தவணையை நீட்டிக்கச் சொல்லியோ பேசப் போகும்போது, கையில் ஒரு பிரின்ட் அவுட் இருப்பது வெறும் வாய்ப்பேச்சைவிட மேல். மிரட்டி வசூலிக்கும் கந்து வட்டி, மீட்டர் வட்டிக்காரர்களிடம் சிக்கியவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கும்போதும் தேதி வாரியாகக் கட்டிய கணக்கு கைகொடுக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை புது ஷீட் ஒன்றைத் திறந்து முதல் வரியில் கம்ப்யூட்டர் வாங்கிய தவணையையே டைப் செய்யுங்கள். ரொக்கமாக வாங்கியவர்கள் பாக்கியசாலிகள், அவர்கள் இரண்டாவது வரியிலிருந்து ஆரம்பிக்கலாம்.