சொல்லிலார் கூற்று

மொழியே மனிதனை மனிதனாக்கியது என்னும் கூற்று தமிழ் மேடைகளிற் சலிப்பின்றி ஒலிப்பது. சொல் இல்லையேற் சிந்தனை இல்லை என்பர். விலங்கினின்றும் மனிதனைப் பிரிக்கும் கோடு அதுவே என்பர். மொழிப்பற்றின் மிகுதியாற் பிறந்த இக்கூற்றுக்குள் ஒரு கொடுமை மறைந்திருப்பதை அதனை முழங்குவோர் எண்ணுவதில்லை. அறிவு வளர்ச்சியில் மிக ஆழ்ந்த குறைபாட்டோடு பார்வை, செவிப்புலன், உடலியக்கம் என்பவற்றிலும் குறைபாடு ஒருங்கே உடையராய், ஒரு சொல்லேனும் வாய்க்கப்பெறாது வாழ்நாளைக் கழிப்போர் உளர். மேற்படி கோட்டின் எப்பக்கத்தில் அவர்கள் நிறுத்தப்படுவர்?

"அதுக்கு ஒன்றும் விளங்காது" என்பதே அவர்களைப் பற்றி எளிதில் வழங்கப்படும் தீர்ப்பு. குழந்தையை 'அது' என்பது அன்பின்பாற்பட்டது. நாற்பது வயதினரை அவ்வாறு சுட்டுவது அன்பன்று. உயர்திணையினின்றும் ஒருவரை நீக்குதற்கு இலக்கணம் இத்துணை எளிதில் உதவுகின்றது.

ஆயின் அதே இலக்கண மரபு வேறொன்றையும் கூறியுள்ளது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்துணர்வு உடலிற் புலப்படும் வகையை ஓரியல் முழுவதும் ஆராய்கின்றது. கண்ணாலும் செவியாலும் தெளிவுற உணரவல்லார்க்கன்றி ஏனையோர்க்கு அப்பொருள் எட்டாது என்பதே அவ்வியலின் இறுதி நூற்பா தரும் கருத்து. அது இலக்கியம் பற்றியது என்பது உண்மையே. எனினும் விளங்காமையின் பொறுப்பைக் காண்போன் தலையிலும் ஏற்றிய அத்துணிவு மனங்கொள்ளத்தக்கது.

இங்கிலாந்தில், 1970 ஆம் ஆண்டுச் சட்டம் 1971 இல் நடைமுறைக்கு வரும்வரை, இத்தகைய சிறுவர் கல்வி பெறத் தகாதோராகவே ஒதுக்கப்பட்டிருந்தனர். பள்ளிக்கதவு திறந்த பின்னரும், பரிசு காட்டிப் பயிற்றும் முறையே பெரிதும் கையாளப்பட்டது. 1980களில் ஹாட்போட்சயரிலுள்ள ஹாப்பர்பெரி வைத்தியசாலைப் பள்ளியில் மெலனி நின்ட், டேவ் ஹியூவெற் முதலிய ஆசிரியர்கள் அம்முறையிற் பயன் காணாது அதனைத் தலைகீழாக்கினர். தாய் சிசுவோடு விளையாடும் விளையாட்டையே அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டனர். ஆசிரியர் அருகமர்ந்து காத்திருப்பார். மற்றவர் விரலால் தட்டினால் தாமும் தட்டுவார், முனகினால் அவ்வொலியைத் திருப்பி ஒலிப்பார், பின்னர் நிறுத்திவிட்டு மீண்டும் காத்திருப்பார். முறைமாற்றிப் பேசும் உரையாடலின் வித்து அம்மௌனத்தில் உள்ளது. தம் செயலுக்கு உலகம் விடைதருகின்றது என்று ஒருவர் அறியும் கணம் அது. முன்னடத்திச் செல்பவர் பேச்சற்றவரே என்பதை ஆசிரியப் பெருமிதம் எளிதில் ஏற்பதில்லை.

1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், விளங்காத மொழியில் வந்த அரசாங்கக் கடிதத்தோடு நின்ற தமிழனை அறிவற்றவன் என்று எத்தமிழரும் ஒப்பவில்லை. குற்றம் கடிதம் எழுதிய கந்தோரினது என்றே வாதிட்டனர், அவ்வாதம் நேரியது. "அவனுக்கு ஒரு மொழி இருந்தது, இவர்களுக்கு அதுவும் இல்லையே" என்று மறுக்கலாம். மொழி இல்லை, தொடர்பாடல் உண்டு. மூச்சின் வேகமும் கண்ணின் திருப்பமும் கைகாலின் விறைப்பும் அதன் கருவிகள். 2016 இல் இலங்கை ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயமும் தொடுகைவழித் தொடர்பாடலைத் தன் வரைவிலக்கணத்தில் அடக்கியுள்ளது.

அன்பு மிகுந்தோர் இழைக்கும் தவறும் ஒன்றுண்டு. பேச்சற்றவரின் கையைத் தாங்கிப் பிடித்து எழுத்துக்களைச் சுட்டச் செய்யும் முறையொன்று 1970களில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் தோன்றி, பின்னர் அமெரிக்காவிற் பரவியது. வாக்கியங்கள் வந்தன, பெற்றோர் கண்ணீர் மல்கினர். 1990களின் முற்பகுதியிற் சோதித்தபோது, இருவருக்கும் வெவ்வேறு படங்கள் காட்டப்பட்டவிடத்துக் கையைத் தாங்கியவர் கண்ட படத்தின் பெயரே எழுதப்பட்டது. செவிமடுத்தற்குப் பதில் குரலையே பறித்துக்கொண்டமைக்கு இதனினும் துயரமான சான்று அரிது. சொல்லின்றேல் மனிதனில்லை என்னும் அச்சமே இவர்களையும் ஆட்டியது. ஆகவே இல்லாத சொல்லை இருப்பதாக்கினர்.

இது தத்துவச் சர்ச்சை மாத்திரமன்று. 2007 இல் பிரித்தானியாவின் மென்காப் அமைப்பு, வைத்தியப் பராமரிப்பில் இருந்தவாறே மரித்த, கற்றல் குறைபாடுடைய அறுவர் பற்றி அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கை சாட்டிய குற்றங்களுள் நோவின் குறிகள் உணரப்படாமையும் ஒன்று. வலியை வாயாற் சொல்லாதவருக்கு வலி இல்லை என்று கொண்டால், உயிரே விலையாகலாம். ஒருவர் நோவில் எவ்வாறு முகம் சுளிப்பார், மகிழ்வில் எவ்வாறு ஒலியெழுப்புவார் என்பதை அவரை நன்கறிந்தோர் சிறு கைநூலாக எழுதி உடன்வைக்கும் வழக்கம் 1990களில் ஸ்கொத்லாந்தில் வளர்ந்தது. புதிய தாதி ஒருவர் அதனைப் படித்தற்குச் சில நிமிடங்கள் போதும்.

ஆளில்லை, நேரமில்லை என்பதே இறுதி மறுப்பு. ஆனால் உணவு நாளுக்கு மும்முறை ஊட்டப்படத்தான் செய்கின்றது. அந்நேரம் ஏற்கெனவே செலவாகின்றது. ஊட்டுபவர் அருகிலுள்ளவரோடு கதைத்தவாறு கரண்டியை வாயிற் செலுத்துகின்றார். அதே கரண்டியை முதலில் அவர் கையிற் படவைத்து, உணவு வருகின்றதென அறிய விட்டு, வாய் தானே திறக்கும்வரை பொறுத்திருத்தற்கு எத்துணை ஆளணி வேண்டும்? வாய் திறவாதாயின், அதுவும் ஒரு விடையே.