சக்கரம் பூட்டிய லயம்

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியா நகரம் தலைகீழாக மாறிவிடும். கிரகரி வாவிக் கரையில் சனம் நிறைந்து வழியும். வேடிக்கை பார்க்க வருவோர் ஒரு புறம்; அந்த வேடிக்கைக்காக வெயிலிலும் மழையிலும் கால் கடுக்க நிற்போர் மறுபுறம். நிற்பவர்களில் நமது தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. சீசன் முடிந்ததும் அந்த வேலையும் முடியும். ஆனாலும் மாலையில் திரும்பிப் போக அவர்களுக்கு லயத்தில் ஒரு காம்பிராவாவது இருக்கிறது.

பணக்கார நாடு என்று உலகமே சொல்லும் அமெரிக்காவில், அந்தக் காம்பிராகூட இல்லாமல் இதே வேலையைச் செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களில் பலர் வாலிபர் அல்லர். அறுபதையும் எழுபதையும் தொட்ட தாத்தா, பாட்டிமார். அவர்களுடைய நிலைமையை இம்மாதம் நமது வாசகர்கள் முன் வைக்கிறோம். கடல் கடந்த கதை என்று தள்ளிவிட வேண்டாம். படித்து முடிக்கும்போது அது நமது லயத்து வாசலில் வந்து நிற்கும்.

அமெரிக்காவில் ‘ஆர்.வி.’ என்று ஒரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, மலசலகூடம் எல்லாம் உள்ளே அமைந்த வீட்டு வண்டி அது. வசதியுள்ளவர்கள் விடுமுறைக்கு ஊர் சுற்ற அதை வாங்குவார்கள். ஆனால் 2008இல் அங்கே வங்கிகள் ஆட்டம் கண்டபோது, கடனுக்கு வாங்கிய வீடுகளை ஏராளமானோர் பறிகொடுத்தார்கள். முதுமைக்கென்று சேர்த்த பணமும் பலருக்குக் கரைந்தது. கையில் மிஞ்சியது அரசாங்கத்தின் ஓய்வூதியம் மட்டும். அது வீட்டு வாடகைக்கே போதாது. அப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் வீட்டை விட்டுவிட்டு வண்டியில் குடியேறினார்கள். வண்டியிலேயே குடியிருந்து, ஊர் ஊராகப் போய்ப் பருவ கால வேலை செய்யும் இவர்களை அங்கே ‘வேர்க்கேம்பர்’ என்று அழைக்கிறார்கள். இவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் ‘நோமட்லாந்து’ என்ற நூலை எழுதினார். அதைத் தழுவிய படம் 2021இல் ஒஸ்கார் விருதும் பெற்றது.

இவர்களுக்கு வேலை கொடுக்கும் இடங்களில் கேளிக்கைப் பூங்காக்களும் அடங்கும். குளிர் கடுமையான மாநிலங்களில் பல பூங்காக்கள் கோடையை ஒட்டிய சில மாதங்கள்தான் திறந்திருக்கும். அந்த மாதங்களுக்கு மட்டும் ஆள் வேண்டும். பூங்காவின் பக்கத்திலேயே வண்டி முகாம் இருக்கும். அங்கே வண்டியை நிறுத்தினால் கரண்ட், தண்ணீர், கழிவு நீர்க் குழாய் மூன்றும் கிடைக்கும். காலையில் சீருடை போட்டுக்கொண்டு இராட்டினத்தைச் சுற்றிவிடப் போகவேண்டும். டிக்கட் கிழிக்க வேண்டும், பஞ்சு மிட்டாய் விற்க வேண்டும், மலசலகூடம் கழுவ வேண்டும். இரவில் திரும்பினால் அதே முகாம். சில இடங்களில் முகாமில் நிற்கும் உரிமைக்குப் பதிலாக வாரத்தில் இத்தனை மணி நேரம் வேலை என்று கணக்கு. சில இடங்களில் சம்பளத்தில் கழிவு. சீசன் முடியும்வரை நின்றால்தான் கிடைக்கும் என்று ஒரு கொடுப்பனவையும் தள்ளி வைப்பார்கள்.

நமது மூத்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 60 ரூபா வரவுக் கொடுப்பனவு இருந்தது. மாதத்தில் 75 சதவீதம் வேலைக்கு வந்தால்தான் அது கைக்கு வரும். காய்ச்சலில் படுத்தவருக்கும் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போனவருக்கும் அது எட்டாக்கனிதான். ஆளைக் கட்டி நிறுத்தச் சம்பளத்தில் ஒரு துண்டை முதலாளி பிடித்து வைக்கும் வித்தை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

இன்னும் ஒரு விடயம் கவனிக்க வேண்டியது. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25 டொலர். 2009 முதல் அது ஒரு சதமும் ஏறவில்லை. அதிலும் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத கேளிக்கை நிறுவனங்களுக்கு அந்தக் குறைந்தபட்சச் சம்பளமும் மேலதிக நேரக் கொடுப்பனவும் சட்டப்படி கட்டாயமில்லை. மாநிலச் சட்டம் கைகொடுத்தால் உண்டு; இல்லையேல் இல்லை. உழைப்பு பருவ காலத்துக்கு மட்டும் என்பதால் உரிமையும் குறைவு என்பதுதான் அந்தச் சட்டத்தின் பொருள். தேயிலையில் கொழுந்து குறைந்த காலத்தில் வேலை நாட்களை வெட்டும்போது நம்மிடம் சொல்லப்படும் நியாயமும் இதுதானே.

ஆபத்தும் இல்லாமலில்லை. 2016இல் அயோவா மாநிலத்துப் பூங்கா ஒன்றில், படகுச் சவாரியிலிருந்து மக்களை இறக்கிவிட்டுக் கொண்டிருந்த 68 வயதுத் தொழிலாளி ஒருவர், படகுகள் திடீரென நகர்ந்ததில் கீழே விழுந்து, படுகாயமடைந்து இறந்து போனார். அவரும் வீட்டு வண்டியில் வந்து வேலைக்குச் சேர்ந்தவர்தான். சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. பேரப் பிள்ளைகளுடன் அந்தப் படகில் ஏறிச் சிரித்திருக்க வேண்டிய வயது அது.

இந்த வாழ்க்கையை விரும்பி ஏற்றவர்களும் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். புதிய ஊர், புதிய நட்பு, யாருக்கும் பாரமாக இராத நிம்மதி என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. விரும்பிப் போகிறவரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் போக வேறு இடம் இல்லாததால் போகிறவருக்கும் அதே விளம்பரத்தைக் காட்டி, வேலையை விடுமுறை என்று பெயர் மாற்றுவதைத்தான் கண்டிக்கிறோம். டிஸ்னி பூங்காக்களில் தொழிலாளியைத் தொழிலாளி என்றே சொல்வதில்லை. ‘நடிகர் குழுவினர்’ என்றுதான் சொல்வார்கள். பெயர் இனிப்பாக இருக்கலாம். கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்தின் தொழிலாளர்களிடம் 2018இல் எடுத்த ஆய்வில், பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் சொந்தமாகத் தலைசாய்க்க இடமின்றி இருந்ததாகச் சொன்னார்கள்.

அந்த ஆய்வுக்கு ஏற்பாடு செய்தவை தொழிற்சங்கங்கள். அவை அத்தோடு நிற்கவில்லை. 2018இல் புளோரிடாவின் டிஸ்னி தொழிலாளர் சங்கங்கள், 2021க்குள் மணிக்கு 15 டொலர் என்ற ஒப்பந்தத்தை வென்றன. 2023இல் அது 18 டொலர் ஆனது. 2024 ஜூலையில் கலிபோர்னியாவில் சுமார் 14,000 பேருக்காகப் பேசிய சங்கங்கள், வேலைநிறுத்தத்துக்கு அங்கத்தவரின் வாக்கைப் பெற்றுக்கொண்டு மேசைக்குப் போய், 24 டொலர் அடிப்படைச் சம்பளத்தோடு திரும்பின.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அங்கே முடிந்தது வண்டி முகாம் தொழிலாளிக்கு ஏன் எளிதில் முடிவதில்லை? அவர் ஒரு மாநிலத்திலிருந்து வருகிறார், பக்கத்து வண்டிக்காரர் இன்னொரு மாநிலத்திலிருந்து வருகிறார். முகம் பழகுவதற்குள் சீசன் முடிகிறது. ஒருவர் கிழங்கு அறுவடைக்குப் போவார், மற்றவர் நத்தார் கால வியாபாரத்துக்குப் பண்டசாலையில் பொதி கட்டப் போவார். அமேசான் நிறுவனம் இத்தகையோருக்கென்றே ‘கேம்பர்ஃபோர்ஸ்’ என்ற திட்டத்தை 2008 முதல் பல ஆண்டுகள் நடத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் திறந்தால் வேலையோடு வண்டி நிற்கும் இடமும் போய்விடும் என்ற பயம் இருக்கிறது. சம்பளத்தைக் கொடுப்பவன் கையிலேயே கூரையும் இருந்தால் தொழிலாளிக்குப் பாதி நாக்குதான்.

இந்தப் பாடத்தை நாம் 1946இலேயே படித்தோம். கேகாலை மாவட்டத்து உருளவள்ளியில், வேலை இல்லை, காம்பிராவையும் காலி செய்யுங்கள் என்று நமது மக்களுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். பிறந்து வளர்ந்த இடத்தை விட்டுப் போக மாட்டோம் என்று அவர்கள் நின்றார்கள். அத்துமீறிக் குடியிருந்ததாக அவர்கள் மீதே வழக்கு வந்தது. அவர்களுக்காக மற்றத் தோட்டங்கள் வேலையை நிறுத்தின. அன்று நம்மிடம் உறுதிப் பத்திரம் இருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆள் இருந்தான். அந்த பலம் வண்டி முகாமில் இல்லை. நம்மிடம் இன்றும் இருக்கிறது. பிரட்டுக்களத்தில் ஒன்றாக நிற்கிறோம். ஒரே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறோம். சாவுக்கும் வாழ்வுக்கும் ஒரே லயத்தில் கூடுகிறோம்.

ஆனால் அவர்களைத் துரத்தும் முதுமை நம்மையும் துரத்துகிறது. ஓய்வு பெற்ற பிறகும் கூடையைக் கழற்றாமல் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் தாய்மார் எத்தனை பேர்? “உங்கள் வீட்டில் தோட்ட வேலைக்கு வருவது யார்?” என்ற கேள்விக்குப் பயந்து, படித்த மகனை மலைக்கு அனுப்பிய குடும்பங்கள் எத்தனை? நாற்பது வருடம் மலையில் நின்றவர் கடைசிக் காலத்தில் காம்பிராவுக்காகக் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டுமானால், நமது லயத்துக்கும் அந்த வண்டிக்கும் சக்கரம்தான் வித்தியாசம்.

ஆகவே நமது சங்கத்தின் நிலைப்பாடு தெளிவானது. வீடு வேலையோடு ஒட்டிய சலுகையாக இருக்கக் கூடாது. காணியும் வீடும் உறுதிப் பத்திரத்தோடு, குடும்பத் தலைவியின் பெயரும் சேர்ந்து, தொழிலாளிக்குச் சொந்தமாக வேண்டும். அது கிடைக்கும் நாளில்தான் சம்பளப் பேச்சுவார்த்தையில் நாம் முழு நாக்கோடு பேசுவோம்.

அதுவரை செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த தொழிலாளிக்குரிய சேவைக்காலப் பணத்தை, வேலை நின்று 30 நாட்களுக்குள் நிர்வாகம் கொடுக்க வேண்டும். இந்த ஆண்டு ஓய்வு பெற இருப்போரின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்திலேயே தயாரிக்கட்டும். அவர்களுடைய ஈ.பி.எப். புத்தகத்தில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஒத்திருக்கிறதா, எல்லா மாதமும் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். பிழை இருந்தால் ஓய்வு பெறும் நாள்வரை காத்திருக்காமல் மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். உழைத்துத் தேய்ந்த கைகள் எழுபது வயதில் இன்னொருவர் பிள்ளைகளுக்காக இராட்டினம் சுற்றும் நிலை நமது மலையில் வரக்கூடாது.