நடையும் மாத்திரை நேரமும்

காலையில் கடைவரை நடந்து போய் வந்த பெரியவர், மதியம் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். "காலையில் நன்றாகத்தானே நடந்தார், இப்போது என்ன பிடிவாதம்?" என்று வீட்டார் சலித்துக்கொள்கிறார்கள். பார்கின்சன் நோயாளி உள்ள வீடுகளில் இது நடக்கக்கூடியதுதான். ஆனால் இது பிடிவாதம் அல்ல. பெரும்பாலும் மாத்திரையின் பலன் முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்நோயில் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைகின்றன. அதனால் அடி சுருங்கும், கைவீச்சு குறையும், திரும்பும்போது கால் உறைந்து நிற்கும். லெவோடோபா மாத்திரை மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது. 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது பார்கின்சனுக்கு மருந்தானது 1960-களில்தான்.

நோய் முற்ற முற்ற, ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்துவிடும். பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவோடு சேர்ந்தால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. எனவே எந்த மாத்திரை என்பதைப் போலவே எத்தனை மணிக்கு என்பதும் முக்கியம்.

தாம்பரம் போன்ற ஊரில் இது உயிர்ப் பிரச்சினை. பலன் தீரும் நேரத்தில் ரயில் நிலைய மேம்பாலப் படியிலோ, ஜி.எஸ்.டி. சாலையின் நடுவிலோ கால் உறைந்தால் என்ன ஆகும்? வேடிக்கை என்னவென்றால், மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில்தான் பயணத்திலும் வரிசையிலும் மாத்திரை நேரம் தவறுகிறது.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. சித்த மருத்துவத்தில் பூனைக்காலிக்கும் இடம் உண்டு. ஆனால் மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியையும் யாரிடமும் சொல்லாமல் சாப்பிடுவது ஆபத்து. லெவோடோபா அளவு கூடினால் உடல் தானாக நெளியலாம்; எழும்போது ரத்த அழுத்தம் இறங்கி விழவும் நேரலாம். இரண்டு மருத்துவர்களிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எல்லாத் தடுமாற்றத்தையும் மாத்திரை தீர்க்காது. நிலை தடுமாறி விழுவது மருந்துக்கு அவ்வளவாக அடங்குவதில்லை. சிலருக்குக் கால் உறைவதும் அப்படியே. தரையில் கோடு போட்டுத் தாண்டச் சொல்வதும், "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக் கொடுப்பதும் அப்போது கைகொடுக்கும்.

வீட்டார் செய்ய வேண்டியது எளிது. மாத்திரை போட்ட நேரம், நடை நன்றாக இருந்த நேரம், கால் நின்ற நேரம் மூன்றையும் ஒரு வாரம் குறித்து மருத்துவரிடம் காட்டட்டும். மாத்திரையைத் தாமாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். திட்டுவதை விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாலே பாதிச் சண்டை தீரும்.